கரீபியன் தீவுகள்ல பழைய சர்க்கரைத் தோட்ட இடிபாடுகளைப் பார்க்கப் போறது வொர்த்தா?

கண்டிப்பா வொர்த். பீச்ச மட்டும் பாத்துட்டுத் திரும்பிடாதீங்க.

நான் போனது அன்னபெர்க்ங்கற பழைய சர்க்கரைத் தோட்டம். யு.எஸ். வர்ஜின் ஐலண்ட்ஸ்ல செயின்ட் ஜான் தீவோட வடக்குக் கரையில இருக்கு. செயின்ட் தாமஸ்ல ரெட் ஹுக்ல ஃபெரி ஏறுனா இருபது நிமிஷத்துல செயின்ட் ஜான்ல இருக்கற க்ரூஸ் பே வந்துடும், அங்கேந்து ஜீப் எடுத்துக்கலாம், அமெரிக்காதானேன்னு நினைச்சு வலது பக்கம் போயிடாதீங்க, அங்க வண்டி இடது பக்கம்தான். 1917 வரைக்கும் இந்தத் தீவுங்க டென்மார்க் கையில இருந்துச்சு, அப்புறம்தான் அமெரிக்கா 2.5 கோடி டாலர் குடுத்து வாங்குச்சு.

மேல ஏறுனதும் காத்தாலை கோபுரம் நிக்குது, 40 அடிக்குக் கிட்ட இருக்கும், 1810லேந்து 1830க்குள்ள கட்டுனது. எல்லாரும் அதுக்கு முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. தயவுசெஞ்சு செவுத்துக்குக் கிட்ட போய்ப் பாருங்க. கருங்கல்லுக்கு நடுவுல மூளை மாதிரி வரி வரியா நெளியுற துண்டுங்க தெரியும், அது பவளப்பாறை, கடலுக்குள்ள இறங்கி அடிமைங்க வெட்டி எடுத்துட்டு வந்தது. இடையில மஞ்சச் செங்கல் இருக்கு பாருங்க, அது டென்மார்க்லேந்து வந்த கப்பல்ல, கப்பல் ஆடாம இருக்க பாரத்துக்குப் போட்டுக் கொண்டுவந்தது. நான் ஒரு பவளத் துண்டு மேல கைய வச்சேன், வரி ஒண்ணொண்ணும் இன்னும் தேயாம விரல்ல தட்டுப்படுது. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல.

ஆலையில ஆட்டுன கருப்பஞ்சாறு கால்வாய் வழியா கீழ காய்ச்சுற கொட்டகைக்கு ஓடி வரும். கொப்பரைங்க வச்ச அடுப்புக் குழிங்க வரிசையா அப்படியே இருக்கு, பெரிய கொப்பரையில ஆரம்பிச்சு சுண்டச் சுண்டச் சின்னதுக்கு மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டே போகணும், கீழ காஞ்ச சக்கையப் போட்டு எரிச்சுக்கிட்டே இருப்பாங்க. அறுவடைக் காலத்துல ராத்திரி பகல் கிடையாது, ஏன்னா வெட்டுன கரும்ப உடனே ஆட்டலைன்னா சாறு கெட்டுப்போயிடும். தூக்கக் கலக்கத்துல கரும்ப நசுக்குற உருளைக்குள்ள கை மாட்டுனா வெட்டி எடுக்கறதுக்குன்னே பக்கத்துல கத்தி வச்சிருந்தாங்கன்னு கரீபியன் தோட்டங்களப் பத்தி அந்தக் காலத்துலயே எழுதி வச்சிருக்காங்க. அந்த அடுப்புங்க முன்னாடி நிக்கும்போது மேல கூரைகூட இல்ல, நல்ல காத்து அடிக்குது, அப்பவே எனக்கு வேர்த்து ஊத்துச்சு.

ஆனா எனக்கு மனசுல நின்னது இதெல்லாம் இல்ல, எதிர்ல தெரிஞ்ச கரைதான். ரெண்டு மூணு மைல் தள்ளி டோர்டோலா தீவு, அது பிரிட்டிஷ்காரங்களோடது. 1834 ஆகஸ்ட் 1ல அங்க அடிமைமுறைய ஒழிச்சு சட்டம் அமலுக்கு வந்துடுச்சு. இந்தப் பக்கம் டென்மார்க் ஆட்சியில 1848 ஜூலை 3 வரைக்கும் அப்படியேதான் இருந்துச்சு. அதுவும் சும்மா கிடைக்கல, டென்மார்க் கையில இருந்த இன்னொரு தீவான செயின்ட் க்ரோயில ஆயிரக்கணக்கான அடிமைங்க ஃப்ரெடெரிக்ஸ்டெட் கோட்டை முன்னாடி திரண்டு நின்ன பிறகுதான் கவர்னர் ஃபான் ஷோல்டன் விடுதலைன்னு அறிவிச்சாரு. நடுவுல 14 வருஷம். கரும்பு வெட்டும்போது நிமிந்தா எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். ராத்திரியில படகுலயும் நீந்தியும் தப்பிச்சுப் போனவங்க இருக்காங்க, டென்மார்க்காரங்க தடுக்கறதுக்குக் காவல் போட்டிருந்தாங்க. நான் போன அன்னிக்குத் தண்ணி அவ்வளவு தெளிவா, அவ்வளவு பச்சையா இருந்துச்சு, அதப் பாத்து அழகுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அடிமைங்க குடியிருந்த குடிசைங்கள்ல ஒண்ணுகூட முழுசா நிக்கல, குச்சியும் மண்ணும் வச்சுக் கட்டுனது, அடையாளம் மட்டும்தான் மிச்சம். அதனால முதலாளியோட கல் கட்டடம்தான் பெருசா கண்ணுக்குத் தெரியுது, அதையும் நினைவுல வச்சுக்கிட்டு நடங்க.

சுத்தி நடக்கறதுக்கு அரை மணி நேரம் போதும், ஆனா ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க, காலையில சீக்கிரம் போங்க, நிழல் கம்மி, தண்ணி எடுத்துட்டுப் போங்க. டைம் இருந்தா கிழக்க கோரல் பேக்கும் போங்க, 1733 நவம்பர்ல விறகுக் கட்டுக்குள்ள கரும்பு வெட்டுற கத்திய ஒளிச்சு வச்சுக் கோட்டைக்குள்ள போய் அடிமைங்க கிளர்ச்சிய ஆரம்பிச்சது அங்கதான். தீவோட பெரும்பகுதிய மாசக்கணக்குல கையில வச்சிருந்தாங்க, கடைசியில மார்ட்டினிக்லேந்து பிரெஞ்சுப் படை வந்துதான் அடக்க முடிஞ்சுது.