குளூமி, பிளீக், டிரியரி, ஸாம்பர்: எல்லாம் 'சோகம்'தானா?

நான்கும் (gloomy, bleak, dreary, somber) மனத்தை அழுத்தும் ஆங்கிலச் சொற்கள்தான். அழுத்தும் காரணம் வேறு. 'குளூமி' வெளிச்சம் குறைந்தது: மூடிய வானம், மூடிய மனம். (தென்காசிச் சாரலை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது, நமக்கு அது குளிர்ச்சி.)

'பிளீக்' வெறுமை. பழைய பொருள் 'வெளிறியது'. துணி வெளுக்கும் பிளீச்சுக்கு உறவுச் சொல். திசையன்விளைப் பக்கம் மரமில்லாத தேரியில் (செம்மணல் காட்டில்) நடுப்பகலில் நின்று பாருங்கள்: கண்கூசும் வெயில், ஒதுங்க நிழல் இல்லை. அதாவது, இருட்டே இல்லாத இடமும் பிளீக்தான். நம்பிக்கைக்கு இடமில்லாத எதிர்காலத்தையும் அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

'டிரியரி' சலிப்பு: ஜங்ஷனில் தாமதமான பாசஞ்சருக்குக் காத்திருக்கும் மத்தியானம்.

'ஸாம்பர்' துட்டி வீட்டு (சாவு வீட்டு) அமைதி. அதைச் 'சோகம்' என்று மட்டும் எடுத்துக்கொள்வது பலர் செய்யும் தவறு. அழுகை அடங்கி, எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசும் அந்தக் கனம்தான் அதன் பொருள்.