சீனக் கலையைச் சேகரித்து, சீனாவின் பழைய தத்துவ-சமய மரபான தாவோயிசத்தையும் ஆராய்ந்த ஐரோப்பியர் யார்?

ராபர்ட் வான் குலிக்கைத்தான் முதலில் சொல்வேன். 1910-இல் நெதர்லாந்தில் பிறந்து ஜாவாவில் வளர்ந்தவர். டோக்கியோ, சீனாவின் சுங்கிங், புது தில்லி என்று பணியாற்றிய தூதரக அதிகாரி. சீன ஓவியங்களையும் பழைய நூல்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். தூரிகை எழுத்தும் முத்திரை செதுக்குதலும் கையாலேயே பழகினார். சுருள் ஓவியங்களைத் தாளில் ஒட்டிப் பதிக்கும் தொழில்நுட்பத்தை நுணுகி ஆராய்ந்து, ஓவியங்களை மதிப்பிடும் மரபைப் பற்றி 1958-இல் பெரிய நூல் எழுதினார். இந்த உழைப்புதான் என்னை வியக்க வைக்கிறது.

தாவோயிசத்துக்கு அவரை நெருக்கமாக்கியது இசை. ‘குச்சின்’ என்ற ஏழு நரம்புக் கருவியைச் சீன ஆசிரியரிடம் கற்றார். அதை வாசிப்பது மனத்தை ஒடுக்கும் தியானம் என்ற எண்ணத்தில் தாவோயிசம் ஆழமாக ஊறியிருப்பதை 1940-இல் வெளிவந்த நூலில் விளக்கினார். 1967-இல் அவர் மறைந்தார்; அவர் சேர்த்த சீன நூல்கள் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.