33,280-இல் மீதி எங்கே? – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

ஆர்டிக்ஸ்-7 எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே கோடு எழுதி அமைத்துக்கொள்ளும் சிப்) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 35டி சிப் உள்ள போர்டு ஒன்று வாங்கினேன். டேட்டாஷீட்டில் 33,280 லாஜிக் செல் என்று இருக்கிறது. டூல் தரும் ரிப்போர்ட்டிலோ மொத்தமே 20,800 எல்யூடிதான் (லாஜிக்கைச் செய்யும் சிறு அட்டவணை). மீதி 12,480 எங்கே?

இன்னொரு தலைவலியும் உண்டு. என் டிசைனில் 16 சேனல், சேனலுக்கு 12 பிட். ஒவ்வொன்றையும் 32 க்ளாக் (துடிப்பு) தாமதப்படுத்த வேண்டும். அதோடு சின்னச் சின்ன கண்ட்ரோல் பிளாக்குகள் நிறைய. எல்யூடி பாதிகூட நிரம்பவில்லை, எல்யூடிகளைக் கொத்தாக வைத்திருக்கும் ஸ்லைஸ் மட்டும் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பெரிய சிப்புக்கு மாறிவிடலாமா?

– க.

அன்புள்ள க.,

எதுவும் காணாமல் போகவில்லை. 20,800-ஐ 1.6-ஆல் பெருக்குங்கள், 33,280 வரும். லாஜிக் செல் என்று சிப்புக்குள் தனியாக ஒன்றும் கிடையாது. பழைய தலைமுறைகளில் எல்யூடிக்கு நான்கு உள்ளீடு, உங்கள் சிப்பின் 7 சீரிஸில் ஆறு. புதியது ஒன்று பழையதைப் போல 1.6 மடங்கு வேலை செய்யும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ஒரு காலத்தில் எஃப்பிஜிஏக்களை 'இத்தனை கேட்' என்று சொல்லி விற்றார்கள், அதன் வாரிசுதான் இது. நான் அந்த வரியைப் படிப்பதே இல்லை. எல்யூடி, ஃப்ளிப்-ஃப்ளாப் (ஒரு பிட்டை நினைவில் வைப்பது), பிளாக் ரேம் (மெமரி), டிஎஸ்பி (பெருக்கல் கணக்குக்கானது) ஆகிய நான்கையும் பார்த்தால் போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. ஸ்லைஸ் சதவீதத்தைப் பார்த்து முதலில் பதற வேண்டாம். இடம் இருக்கும்வரை டூல் பரத்தித்தான் வைக்கும், நெருக்கடி வந்தால்தான் அடுக்கும். ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கோடு எழுதிய விதத்திலும் கொஞ்சம் வீணாகிறது என்றே படுகிறது.

ஒரு ஸ்லைஸில் நான்கு எல்யூடி, எட்டு ஃப்ளிப்-ஃப்ளாப், ஒரு கேரி செயின் (கூட்டலின் கேரியை அடுத்த பிட்டுக்குக் கடத்துவது). சில ஸ்லைஸ்களில் உள்ள எல்யூடிகளுக்கு மட்டும் கூடுதல் திறமை உண்டு: 64 பிட் ரேமாகவோ, 32 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டராகவோ (க்ளாக்குக்கு ஒரு படி பிட்களை நகர்த்தும் வரிசை) மாறிக்கொள்ளும். உங்கள் தாமதத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. 16 சேனல், 12 பிட், ஆக 192 பிட். பிட்டுக்கு ஒரு எல்யூடி என்றால் 192 எல்யூடி, அதாவது 48 ஸ்லைஸ். அவ்வளவில் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்கு ரீசெட் கிடையாது. 'ரீசெட் வந்தால் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கு' என்று பழக்கத்தில் ஒரு வரி எழுதியிருப்பீர்கள். டூல் என்ன செய்யும்? நீங்கள் கேட்டபடியே 6,144 ஃப்ளிப்-ஃப்ளாப்பை வரிசையாகக் கட்டிக் கொடுக்கும். எவ்வளவு நெருக்கி வைத்தாலும் 768 ஸ்லைஸ். ஒரே வரியின் விலை அது. டேட்டா ஓடும் பாதைக்குப் பெரும்பாலும் ரீசெட் தேவையே இல்லை. பவர் வந்து சிப் கான்ஃபிகர் ஆகும்போதே ஆரம்ப மதிப்பு உள்ளே போய்விடுகிறது. 32 க்ளாக் கழிந்தால் பழைய குப்பை தானாக வெளியேறிவிடும், அதுவரை டேட்டா சரி என்று சொல்லும் 'வேலிட்' சிக்னலைத் தாழ்த்தி வைத்தால் போதும்.

அப்புறம் அந்தக் கண்ட்ரோல் பிளாக்குகள். ஸ்லைஸில் உள்ள எட்டு ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கும் க்ளாக், எனேபிள் (மதிப்பை மாற்ற அனுமதிக்கும் சிக்னல்), ரீசெட் மூன்றும் பொது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கண்ட்ரோல் செட். ஒரு பிட் ஃபிளாகுக்குத் தனி எனேபிள் கொடுத்தால், அது உட்கார்ந்த ஸ்லைஸில் மீதி ஏழு இடத்தில் வேறு எனேபிள் உள்ள எதுவும் உட்கார முடியாது. ஒரே டிசைனில் சிலவற்றுக்கு ஆக்டிவ்-ஹை ரீசெட் (1 வந்தால் வேலை செய்வது), சிலவற்றுக்கு ஆக்டிவ்-லோ (0 வந்தால்), சிலவற்றுக்கு அசின்க்ரனஸ் (க்ளாக்குக்குக் காத்திராதது) என்று கலந்து எழுதினாலும் இதே கதிதான். இணையத்திலிருந்து மாட்யூல்களை எடுத்துச் சேர்த்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். (எத்தனை பேர் இதற்காகவே பெரிய சிப் வாங்கியிருக்கிறார்களோ!) டிசைன் டூலான விவாடோவில் கண்ட்ரோல் செட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், எந்த மாட்யூல் எத்தனை செட் உண்டாக்குகிறது என்று தெரிந்துவிடும்.

அசின்க்ரனஸ் ரீசெட்டை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 25×18 பெருக்கி உள்ள டிஎஸ்பி பிளாக்குக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்களுக்கு சின்க்ரனஸ் ரீசெட் மட்டும்தான் தெரியும். அசின்க்ரனஸாக எழுதினால் அவை உள்ளே போகாமல் வெளியே ஸ்லைஸில் வந்து உட்காரும். இடமும் போகும், வேகமும் போகும்.

ஆகவே சிப்பை மாற்ற வேண்டாம். டிலே லைனில் ரீசெட்டை எடுங்கள், மற்ற இடங்களில் ஒரே வகை சின்க்ரனஸ் ரீசெட்டுக்கு வாருங்கள், ஓரிரு பிட்டுக்கான எனேபிள்களை எல்யூடி லாஜிக்குக்குள் தள்ளுங்கள். எல்யூடிதான் உங்களிடம் மிச்சம் கிடக்கிறதே. ஸ்டேட் மெஷின்களின் (படிப்படியாக நிலை மாறும் கண்ட்ரோல் லாஜிக்) ரீசெட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் நடுவில் தடம் மாறிய மெஷினை மீட்க வழியிருக்காது.