தூங்காவிட்டால் நெஞ்சு கெடுமா? வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்கு ஒரு டாக்டரின் பதில்கள்

(பதில் சொல்பவர் குடியாத்தம் பக்கம் பல ஆண்டுகளாகப் பொதுமருத்துவம் பார்ப்பவர்.)

காட்பாடி வாசகர், 46 வயது: டாக்டர், மகள் கல்யாணக் கடன் மண்டையைக் குடைகிறது. ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. அட்டாக் வந்துவிடுமா?

ஒரு வாரத் தூக்கமின்மைக்காக அந்தப் பயம் வேண்டாம். வாரத்துக்கு மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட தூக்கமின்மை என்போம். தூங்கும்போது பிரஷர் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். விழித்தே கிடந்தால் உடம்பு முறுக்கேறியபடியே இருக்கும், பிரஷர் இறங்காது. வருடக்கணக்கில் இப்படிப் போனால் பிரஷர், சர்க்கரை, மாரடைப்பு எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் தன் இதய நலப் பட்டியலில் தூக்கத்தையும் சேர்த்தது. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். ஆனால் வாய்ப்பு கூடுவது வேறு, வந்தே தீரும் என்பது வேறு. இந்தப் பயத்திலேயே தூக்கம் போனவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஆம்பூர் வாசகி: வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். படுத்ததும் தூங்கிவிடுவார், குறட்டை தெருவுக்கே கேட்கும். நடுவில் சத்தம் நின்று, திடீரென்று திணறி மூச்சு விடுவார். பகலில் பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம். மூன்று வித பிரஷர் மாத்திரை போட்டும் குறையவில்லை. "எனக்குத்தான் நல்லா தூக்கம் வருதே" என்கிறார்.

நல்ல வேளை கேட்டீர்கள் அம்மா. குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்று நம் ஊரில் விட்டுவிடுகிறோம். அவர் சரியாகத் தூங்கவே இல்லை. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி அவரை அரைகுறையாக எழுப்புகிறது. ஒவ்வொரு முறையும் பிரஷர் எகிறும். சிலருக்கு ஒரு மணி நேரத்தில் முப்பது தடவைக்கு மேலும் இது நடக்கும். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷரில் நாங்கள் முதலில் தேடுவதில் இதுவும் ஒன்று. இதயத்துடிப்பு தாறுமாறாவதற்கும் இது காரணமாகலாம்.

இன்று ராத்திரியே அவர் தூங்குவதைப் போனில் ஐந்து நிமிடம் சத்தத்தோடு வீடியோ எடுங்கள். டாக்டரிடம் காட்டுவதற்கும் உதவும், அவரே பார்த்தால் வாயடைத்துப் போவார். தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் மாஸ்க் தருவார்கள். அந்த மாஸ்க் மாரடைப்பைத் தடுக்கும் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. ஆனால் பகல் தூக்கம் போகும், பிரஷர் கொஞ்சம் இறங்கும். எடை குறைய வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் விட வேண்டும். அதுவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மூச்சு இன்னும் அடங்கும்.

பேரணாம்பட்டு வாசகர்: அப்பாவுக்கு 68. தூங்கிய ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது. காலும் வீங்குகிறது. தூக்கத்துக்கு என்ன மாத்திரை தரலாம்?

எதுவும் தராதீர்கள். இங்கே தூக்கம் கெட்டு இதயம் கெடவில்லை. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் தேங்குவதால்தான் தூக்கம் கெடுகிறது என்று சந்தேகப்படுகிறேன். இன்றைக்கே கூட்டிப் போய் இசிஜி, எக்கோ எடுங்கள். உட்கார்ந்தும் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்து வியர்த்தாலோ, உடனே 108.

வாணியம்பாடி வாசகர்: ரம்ஜான் மாதம் தராவீஹ் (இரவுத் தொழுகை) முடித்துப் படுக்கவே நள்ளிரவு ஆகிறது, சஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு) எழ வேண்டும். பிரஷர் உண்டு. நோன்பு வைக்கலாமா?

பிரஷர் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்கள் வைக்கலாம். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றாமல், நோன்புக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். லுஹர் (மதியத் தொழுகை) முடிந்த பின் கொஞ்சம் கண்ணயருங்கள்.

சத்துவாச்சாரி வாசகி: மெடிக்கலில் வாங்கி இரண்டு வருடமாகத் தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை போடுகிறேன். நாளையிலிருந்து நிறுத்தட்டுமா?

சட்டென்று நிறுத்தாதீர்கள், படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மாத்திரை அது, யார் கொடுத்தார்களோ!

கூடவே தூக்கத்தையும் பழக்க வேண்டும். எவ்வளவு நேரம் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். புரண்டுகொண்டே கிடக்காமல் வெளியே வந்து உட்கார்ந்து, கண் சொக்கினால் போய்ப் படுங்கள். முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். மாலைக் காபி, டீ வேண்டாம். குடித்த ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி காஃபின் உடம்பில் இருக்கும். மே மாத வேலூர்ப் புழுக்கத்தில் யாருக்கும் தூக்கம் வராது, அதை நோய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: இதயத்துக்குக் கொடுத்த நீர் மாத்திரையை ராத்திரி போடுகிறேன். நான்கு தடவை எழ வேண்டியிருக்கிறது.

அதைக் காலையில் போடலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். மாற்றியும் எழுந்துகொண்டே இருந்தால் சர்க்கரையையும் புராஸ்டேட்டையும் பார்த்துவிடுங்கள்.