கேமரா கேள்வி பதில்: பூ ஊர்வலத்தில் எங்கே நிற்பது?

கேள்வி: என் மகள் நெதர்லாந்தில் லெய்டன் ஊரில் இருக்கிறாள். ஏப்ரலில் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். அப்போது பூ ஊர்வலம் நடக்கும், கூட்டிப்போகிறேன் என்கிறாள். என்னிடம் மொபைல் மட்டும்தான் இருக்கிறது. நான் எடுத்தால் சிவப்புப் பூ எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாக விழுகிறது. என்ன செய்யட்டும் ஐயா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: சரியான மாதத்தில்தான் போகிறீர்கள் அம்மா. மகள் சொல்வது 'ப்ளூமென்கோர்சோ'. 1947-இல் தொடங்கியது. ஏப்ரல் நடுவாக்கில் ஒரு சனிக்கிழமை காலை நூர்ட்வைக் என்ற கடலோர ஊரில் கிளம்பி, சுமார் 42 கிலோமீட்டர் ஊர்ந்து, இரவில் ஹார்லெம் போய்ச் சேரும். வண்டி முழுக்க ஹையசிந்த், துலிப், டாஃபடில். நடுநடுவே பேண்டு வாத்தியம்.

லிஸ்ஸெ ஊரில் கூக்கன்ஹாஃப் தோட்டம் பக்கம் நிற்காதீர்கள், கூட்டம் தாங்காது. லெய்டனிலிருந்து ஹார்லெம் போகிற ரயிலிலேயே ஹில்லெகொம் நிலையம் வரும். அங்கே இறங்கி ஊருக்குள் போய், தெரு வளைகிற இடமாகப் பார்த்து, வளைவின் வெளிப்பக்கம் நில்லுங்கள். நேர் தெருவில் நின்றால் வண்டியின் பக்கவாட்டு மட்டும் கிடைக்கும், பத்துப் படமும் ஒரே மாதிரி இருக்கும். வளைவில் வண்டி தன் முகத்தை உங்கள் பக்கம் திருப்பும், வேகமும் குறையும். ஹையசிந்த் வாசம் வண்டிக்கு முன்னாலேயே வந்துவிடும். அது மூக்கில் ஏறியதும் மொபைலை எடுத்தால் போதும்.

வெயிலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தருமபுரியில் ஏப்ரல் மதியம் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும், கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். அங்கே உச்சிவேளையிலும் சூரியன் நம் ஊர்க் காலை ஒன்பதரை மணிச் சூரியன் உயரத்துக்குத்தான் ஏறும். நாள் முழுக்க எடுக்கலாம். மேகம் மூடினால் இன்னும் நல்லது. இதழ்மேல் பளபளப்பு இருக்காது, நிறம் ஆழமாக வரும். அப்போது வெளுத்த வானத்தை மட்டும் படத்துக்குள் விடாதீர்கள்.

சிவப்புத் திட்டுக்கு வருகிறேன். மொபைல் மொத்த வெளிச்சத்தையும் கூட்டிச் சராசரி பார்க்கிறது. சிவப்பு மட்டும் அளவு மீறிப் போனது அதற்குத் தெரிவதில்லை, அதனால் இதழ் மடிப்பெல்லாம் அழிந்துவிடுகிறது. திரையில் சிவப்புப் பூவின் மேலேயே விரலை வையுங்கள். பக்கத்தில் சின்னச் சூரியன் படம் வரும், அதைக் கீழே இழுங்கள். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம். அழிந்த மடிப்பைத்தான் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஊர்வலத்துக்கு முந்தின நாட்களில் வண்டிக்குப் பூ வைப்பார்கள். சாஸன்ஹைம் பக்கம், அந்த வருடம் எந்தக் கொட்டகை என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். ஹையசிந்த் கொத்திலிருந்து ஒவ்வொரு பூவாகக் கிள்ளி, ஊசியில் குத்தி, வண்டியின் உடம்பில் வரிசையாகப் பதிப்பார்கள். சாரத்தில் ஒருக்களித்துப் படுத்தபடி ஒரு அம்மாள் கைமுட்டி அகல இடத்தை நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். விரல்நுனியெல்லாம் பச்சைக்கறை. அந்தக் கைகளை எடுத்துவிட்டு, மறுநாள் தெருவில் அதே வண்டியை எடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த ஊர்வலம் எவ்வளவு பெரிய உழைப்பு என்று பார்ப்பவருக்கு உறைக்கும். சனிக்கிழமை தவறிவிட்டால் ஞாயிறன்று ஹார்லெமில் வண்டிகளை நிறுத்திவைத்திருப்பார்கள், அவசரமில்லாமல் கிட்டே போய் எடுக்கலாம்.

கேள்வி: ஓசூர் தேர்த்திருவிழாவில் பல்லக்கு உற்சவத்தை இரவில் எடுத்தேன் அண்ணா. மல்லிகைச் சரம் வெறும் வெள்ளையாகிவிட்டது. படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடும் இருக்கிறது. கேமரா கெட்டுவிட்டதா?
– வாசகர், ஓசூர்

பதில்: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. கோடு வருவது சீரியல் விளக்காலும் எல்இடியாலும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுகிறது, விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. ஷட்டர் வேகத்தை, அதாவது படத்துக்குள் ஒளி விழும் நேரத்தை, 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் பெரும்பாலும் கோடு போய்விடும். 1/500 வைத்தால் பெரும்பாலும் வரும். 1/50-இல் நகரும் பல்லக்கு கலங்குமே என்றால், நகரும்போது எடுக்காதீர்கள். பல்லக்கு நின்று நின்றுதானே போகிறது!

மல்லிகைமேல் விழும் வெளிச்சத்துக்கு அளவு பார்த்து எடுங்கள். சுற்றியிருக்கும் கூட்டம் இருட்டில் போனால் போகட்டும். சரத்தில் மொட்டு மொட்டாகத் தெரிய வேண்டும், அதுதான் அந்தப் படத்தின் உயிர். ஃபிளாஷ் அடித்தால் பூ காகிதம் போல் தட்டையாகிவிடும், எதிரில் வருபவர்களின் கண்ணும் கூசும். ஆரத்தி காட்டுகிற நேரம் வரைக்கும் பொறுத்திருங்கள். தட்டிலிருந்து எழும் கற்பூர வெளிச்சம் முன்வரிசையில் நிற்கும் பாட்டிகளின் முகத்தில் கீழிருந்து படும். அதுபோன்ற வெளிச்சத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வைட் பேலன்ஸை, அதாவது கேமரா நிறத்தைச் சரிசெய்கிற அமைப்பை, தானியங்கியில் விட்டால் அந்த மஞ்சளை வெளுத்துவிடும், பகல் வெளிச்சக் குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பல்லக்குக்குப் பூக் கட்டுகிறவர்களையும் முந்தின பகலிலேயே போய்ப் பாருங்கள். ஈரச்சாக்கில் கொட்டிக் கிடக்கும் பூவும், நாரைப் பல்லில் கடித்தபடி சரம் கோக்கும் ஆட்களும் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேரைப் பெண்கள் வடம் பிடித்து இழுப்பதை எடுக்க ஆசை. எடுத்தால் தவறாக நினைப்பார்களா?
– கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: கேட்டுவிட்டு எடுத்தால் நினைக்கமாட்டார்கள். வடத்துக்கு முன்னால் மட்டும் போய் நிற்காதே அம்மா, தேர் நகர ஆரம்பித்தால் ஒதுங்க இடமிருக்காது. வேண்டாமென்று கை காட்டினால் அங்கேயே, அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடு. நல்லதாக வந்ததை அச்சுப்போட்டு அந்தத் தெருவிலேயே கொண்டுபோய்க் கொடு. அடுத்த தைப்பூசத்துக்கு அவர்களே உன்னைக் கூப்பிடுவார்கள்.

கேள்வி: பூ வியாபாரம் செய்கிறோம். பள்ளி ஊர்வலத்துக்கு வண்டி ஜோடித்துக் கொடுத்தோம். பத்தரை மணிக்கு எடுத்த படத்தில் பூவெல்லாம் வாடித் தெரிகிறது. எந்தப் பூ வைத்தால் படத்துக்கு நிற்கும்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் கேமராவின் பக்கமிருந்து சொல்கிறேன். மல்லிகைதான் முதலில் பழுப்படிக்கும், அதை வெயில் படாத உள்பக்கம் வையுங்கள். வெளிப்பக்கத்துக்குச் செண்டுமல்லி, சாமந்தி, கோழிக்கொண்டை. இவை வெயில் தாங்கும், தூரத்திலிருந்தும் எடுபடும். நெதர்லாந்தில் ஸுண்டெர்ட் என்றொரு ஊர். அங்கே செப்டம்பர் முதல் ஞாயிறு நடக்கும் ஊர்வலத்துக்கு டாலியா பூதான். பெரிய வண்டியாக இருந்தாலும் ஒரே வகைப் பூவை நெருக்கமாக அடித்து நிறத்தை மட்டும் மாற்றுவார்கள், அதனால் படத்தில் உருவம் கலங்காமல் நிற்கும். நீங்களும் ஏழெட்டு வகையைக் கலக்காமல் மஞ்சள் செண்டுமல்லிப் பரப்பில் கோழிக்கொண்டையால் உருவம் கட்டிப் பாருங்கள்.

அப்புறம், வண்டி கிளம்புவதற்கு முன்னால், வெயில் ஏறாத 7 மணிக்கே, தண்ணீர் தெளித்த கையோடு படத்தை எடுத்து முடித்துவிடுங்கள். சாமந்திமேல் நீர்த்துளி இருக்கும்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் உங்கள் கடைப் பலகைக்கே அந்தப் படத்தைப் போடலாம்.