கேள்வி – பதில்: கரையில் ஒன்று, கடலில் ஒன்று

மூதூர் வாசகி: படகை இறங்குதுறையில் கட்டுவதை 'மேக் ஃபாஸ்ட்' என்கிறார்களே. ஓடுவதும் ஃபாஸ்ட், அசையாமல் நிற்பதும் ஃபாஸ்ட்டா?

ஆமாம். இரண்டில் மூத்த பொருள் 'இறுக்கமாக' என்பதுதான். பொத்தான் மாட்டும் 'ஃபாசன்' அந்த வேரில் வந்தது. பிடித்த பிடி விடாமல் ஓடினால் வேகம்தானே! அப்படித்தான் மற்றப் பொருள் ஒட்டிக்கொண்டது. கந்தசஷ்டிக்குப் பிடிக்கும் விரதமும் ஃபாஸ்ட். அதை முறிப்பது பிரேக்ஃபாஸ்ட். பொருள் பிரிக்கப் பக்கத்து வினையைப் பாருங்கள். ரன், டிரைவ் வந்தால் வேகம். ஹோல்ட், ஸ்டிக், மேக் வந்தால் பிடிப்பு. 'சீக்கிரம் செய்' என்று நினைத்து 'மேக் இட் ஃபாஸ்ட்' என்று நம்மவர் சொல்வதுண்டு. மாலுமி காதில் விழுந்தால் கயிற்றைத்தான் கட்டுவார். 'மேக் இட் குவிக்' என்பதே சரி. துணி லேபிளில் 'கலர்ஃபாஸ்ட்' என்றிருந்தால் சாயம் போகாது. நம்பிக்கை இல்லையா? நனைத்த வெள்ளைத் துணியால் உள்பக்கத் தையலில் தேயுங்கள். நிறம் ஏறினால் தனியே துவையுங்கள்.

சீனக்குடா வாசகர்: கணினியில் 'லொக் இன்' செய்கிறோம். லொக் என்றால் மரக்கட்டை அல்லவா?

அதே மரக்கட்டைதான். பாய்க்கப்பல் காலத்தில், கயிறு கட்டிய கட்டையைக் கப்பலின் பின்புறமாகக் கடலில் போடுவார்கள். கட்டை போட்ட இடத்திலேயே ஏறக்குறைய நிற்கும்; கப்பல் போகப் போகக் கயிறு அவிழும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 செக்கன் மணற்கடிகை ஓடி முடிவதற்குள் கையைத் தாண்டிய முடிச்சுகளின் எண்ணிக்கையே வேகம். முடிச்சு என்று பொருள்படும் 'நொட்' என்ற வேக அலகு அதில் பிறந்தது. ஒரு நொட், மணிக்கு 1.852 கிலோமீற்றர். (மணிக்கு இத்தனை நொட் என்று சொல்லாதீர்கள், மணி அதற்குள்ளேயே இருக்கிறது.) அளந்ததை எழுதிய கொப்பி லொக் புக், அதில் பதிவது லொக் செய்வது. கணினிக்காரர் அந்தப் பதிவைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கணிதப் பாடத்து லொக்குக்கும் இதற்கும் உறவில்லை. அது லொகரிதத்தின் சுருக்கம், வேர் கிரேக்கம்.

உவர்மலை வாசகர்: மகளின் தேர்ச்சி அறிக்கையிலும் 'அவுட்ஸ்டாண்டிங்', தண்ணீர் பில்லிலும் 'அவுட்ஸ்டாண்டிங்'. இரண்டும் பாராட்டா?

மகளுக்கு வாழ்த்துகள். பில்லில் இருப்பது நிலுவை. பக்கத்தில் தொகை இருக்கும், போய்க் கட்டிவிடுங்கள்.