எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளில் ஒரே உலகத்தின் வரைபடங்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

ஒரே கற்பனை நாட்டை இரண்டு படங்கள் இரண்டு அளவில், இரண்டு அமைப்பில் காட்டினால் அதுதான் வரைபட முரண். எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி விளையாட்டுத் தொடரின் கதை நடக்கும் டாம்ரியல் கண்டம் இதற்குக் கைகண்ட உதாரணம்.

அந்தத் தொடரில் 1996இல் வந்த டாகர்ஃபால் என்ற விளையாட்டு, அந்தக் கண்டத்தின் வடமேற்கில் ஒரு விரிகுடாவைச் சுற்றியுள்ள பகுதியை மட்டுமே காட்டுகிறது. ஆனால் அதன் பரப்பைப் பிரிட்டனோடு ஒப்பிடுவார்கள்! அதே தொடரில் 2011இல் வந்த ஸ்கைரிமோ அதே பெயருள்ள ஒரு மாகாணம் முழுவதையும் சுமார் 37 சதுர கிலோமீட்டருக்குள் அடக்கிவிட்டது.

டாகர்ஃபாலின் நிலத்தைப் பெரும்பாலும் கணினியே விதிகளை வைத்து நிரப்பியது. பல இடங்களில் மைல் கணக்கில் வெற்று நிலம்தான். ஸ்கைரிமில் பாறையையும் பாலத்தையும் மனிதர்கள் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். இரண்டு ஊருக்கு நடுவே மூன்று நாள் நடக்க வைத்தால் அத்தனை இடத்தையும் யார் நிரப்புவது? விளையாடுபவரும் தூங்கிவிடுவார். அந்த மாகாணத்தின் தலைநகரான சாலிட்யூடிலேயே சில டஜன் பேர்தான் வசிக்கிறார்கள்.

கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழிகாட்டும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பஸ் நிலையம், பெட்ரோல் பங்க், மண்டபம் மூன்றும் விரற்கடை தூரத்தில் இருக்கும். நடுவில் இரண்டு கிலோமீட்டர் இருப்பது ஆட்டோக்காரர் கட்டணம் சொல்லும்போதுதான் தெரியும். அந்தப் படம் பொய்யல்ல. தூரம் சொல்ல வரைந்ததும் அல்ல.

பலர் நினைப்பதுபோல, தயாரித்தவர்கள் பழைய படத்தை மறந்துவிட்டதால் வந்த பிழை அல்ல இது. விளையாட்டில் நாம் நடக்கும் நிலம், கதையில் வரும் நாட்டின் சுருக்கம் மட்டுமே.